தலை மறைத்த பாம்பு சாந்தமான பாம்பா? செம்பரம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து ஒரு மறுவாசிப்பு

வளர்ப்புப் பாம்புகளின் தற்காப்பு நடத்தை குறித்த எழுத்துகளில் ஒரு கருத்து கேள்வியின்றித் தொடர்கிறது. சீறுவதும் கழுத்தை விரிப்பதும் கொத்துவதும் தற்காப்பு. அவை அடங்கிவிட்டால் பாம்பு மனிதக் கைக்குப் பழகிவிட்டது என்பது அக்கருத்து. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பந்து மலைப்பாம்பை, அதாவது விற்பவர்கள் பால் பைத்தான் என்பதை, சாதுவான இனமாக வகைப்படுத்துவதும் இந்த அடிப்படையில்தான். இவ்வாசிப்பு பிழையானது என்று கருதுகிறேன். உருண்டையாகச் சுருண்டு தலையை மறைக்கும் பாம்பு தற்காப்பைக் கைவிடவில்லை, அதைச் செய்துகொண்டிருக்கிறது.

இதற்கான சிறந்த சான்று நம் ஊர்க் கட்டுவிரியன். செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றிய ஊர்களில் பகலில் செங்கல் குவியலைப் பிரிக்கும்போது அது வெளிப்படக்கூடும். அப்போது அது ஓட முயல்வதைவிட உடலைத் தளர்வாகச் சுருட்டி, தலையை மடிப்புகளுக்கு அடியில் செருகிக்கொள்வதே அதிகம். நீண்ட குச்சியால் தொட்டால் உடல் தட்டையாகி வெடுக்கென்று துள்ளும். தலை மட்டும் வெளியே வராது. மேலும் தொட்டால் சுருள் இடம் மாறும், தலை இன்னும் ஆழத்துக்குப் போகும். தொந்தரவு நீடித்தால் கடிக்கவும் கூடும். இதே இனம்தான் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கிறது. வலி குறைவாதலால் கடிபட்டவர் அதை உணராமலே போவதுண்டு. பகலில் அது அடங்கிக் கிடப்பதைப் பார்த்து ‘பழகிவிட்டது’ என்று எழுத எந்த ஆய்வாளரும் துணியமாட்டார். ஏறத்தாழ இதே தோரணையை மலைப்பாம்பிடம் காணும்போது மட்டும் சாந்தம் என்று எழுதிவிடுகிறோம். இரு விளக்கங்களையும் பிரிப்பது பாம்பின் நடத்தை அல்ல, நஞ்சு குறித்த நம் அச்சம்.

இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை என்பதால் இந்தத் தோரணை ஒரே மூதாதையிடமிருந்து வந்தது என்று நான் கூறவில்லை. செயல் ஒன்று என்று மட்டுமே கூறுகிறேன். மண்ணுளிப் பாம்பும் தலையை உடலுக்கு அடியில் மறைத்து, மழுங்கிய வாலை வெளியே காட்டுகிறது. அதைச் சாந்தத்தின் அடையாளமாக எவரும் கொள்வதில்லை.

எதிர்த்தரப்பு அடிக்கடி எடுத்துக்காட்டுவது விட் கிப்பன்ஸும் மைக்கேல் டோர்காஸும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் காட்டன்மவுத் எனும் நஞ்சுள்ள நீர்விரியனின் அருகில் நின்றும், காலணியால் மிதித்தும், செயற்கைக் கையால் தூக்கியும் பார்த்தார்கள். தூக்கப்பட்ட 36 பாம்புகளில் 13 மட்டுமே கடித்தன. இதிலிருந்து ‘பாம்புகள் இயல்பிலேயே சாது’ என்ற முடிவுக்குத் தாவுகிறார்கள். ஆனால் அதே ஆய்வில் பல பாம்புகள் தப்பியோட முயன்றன. பெரும்பாலானவை அச்சுறுத்தும் தோற்றம் காட்டின. ஆகவே அந்த 13 என்ற எண் தற்காப்பின் அளவைக் காட்டவில்லை. கடி என்பது தற்காப்பின் கடைசிப் படி என்பதையே காட்டுகிறது. கடிக்காத 23 பாம்புகளும் அமைதியாக இருந்தன என்று கொள்ள அதில் எந்த ஆதாரமும் இல்லை. பயமுறுத்தி விரட்டப் பார்த்த பாம்பையும் அசையாமல் கிடந்த பாம்பையும் ‘கடிக்காதவை’ என்று ஒரே கட்டத்தில் அடைக்கும் கணக்கைக் கொண்டு பாம்பின் இயல்பை முடிவு செய்ய இயலாது.

உள்ளூர் வழக்கிலும் இதே குழப்பம் மறுபக்கமாக நிகழ்கிறது. ஏரி மதகருகே வழிமறிக்கப்பட்ட தண்ணீர்ப் பாம்பு கழுத்தைத் தட்டையாக்கி நிமிர்கிறது. நல்ல பாம்பு என்று அடித்துக் கொல்லப்படுகிறது. அதனிடம் மனிதருக்கு ஆபத்தான நஞ்சு இல்லை. மிரட்டுவது ஆபத்தானது, அடங்கிக் கிடப்பது சாது என்று படிக்கும் கண் இரண்டு பாம்புகளையும் தவறாகவே படிக்கிறது.

இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் நடைமுறை இங்கே உதவும். 1978-இல் தொடங்கிய இச்சங்கம் வடநெம்மேலியில் பாம்புகளை மண்பானைகளில் வைத்து, சில வாரங்கள் நஞ்செடுத்தபின் காட்டில் விடுகிறது. வாய் கட்டிய இருட்டுப் பானைக்குள் அடங்கியிருக்கும் நல்ல பாம்பு, வெளிச்சத்தில் எடுத்து விட்டதும் படமெடுக்கிறது. மாறியது பாம்பின் குணம் அல்ல, அதற்குக் கிடைத்த மறைவிடம். இதை ஒதுக்கிவிட்டு, வெறும் மேசைமீதோ உள்ளங்கையிலோ மலைப்பாம்பு காட்டும் அசையாமையை மட்டும் அளப்பது அரைகுறை ஆய்வு.

‘தவறாமல் இரை எடுக்கிறதே’ என்ற மறுப்பு நெடுநேரம் நிற்காது. உண்பது தன்னைக் கையாள்வதைப் பாம்பு ஏற்றுக்கொண்டதற்குச் சான்றாகாது. பழக்கமாதல் பற்றிய மறுப்பு கனமானது. மீண்டும் மீண்டும் தொடப்படும் பாம்பின் எதிர்வினை குறைவது உண்மை. ஆனால் அக்குறைவு எந்தத் தூண்டலுக்கு, எந்த உடல் வெப்பத்தில், எந்த நேரத்தில் என்று பதியாதவரை அதற்குப் பெயரிடக்கூடாது. குளிர்ந்த பாம்பும் சூடான பாம்பும் ஒரே மிரட்டலுக்கு ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை.

கேள்வி இப்போது ஏட்டளவில் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தை ஒட்டி வந்த 2024 விதிகள், பந்து மலைப்பாம்பு போன்ற அயல் உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியுள்ளன. பதிவான வளர்ப்புப் பாம்புகளில் எளிய சோதனை ஒன்று சாத்தியம். கையாண்ட பாம்பை மறைவிடம் உள்ள பெட்டியிலும் இல்லாத பெட்டியிலும் மாறிமாறி விட்டு, சுருள் அவிழ்ந்து தலை வெளிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கலாம். பழகிய பாம்பு என்றால் வாரங்கள் செல்லச் செல்ல இரு பெட்டிகளிலும் அந்த நேரம் குறைய வேண்டும். மறைவிடமுள்ள பெட்டியில் மட்டும் குறைந்தால், கையில் நாம் கண்ட அசையாமை தற்காப்புதான்.