ஊரடங்கும் முதுமையில் பார்வை இழந்தோரும்: பேரிடர்க் கொள்கையில் ஓர் இடைவெளி

முன்னுரை

2020 மார்ச் 25 அன்று தொடங்கிய நாடு தழுவிய கொரோனா ஊரடங்கில் முதியோருக்கு அறிவுரைகள் வந்தன. மாற்றுத்திறனாளிகளுக்கும் வழிகாட்டுதல்கள் வந்தன. இரண்டு பட்டியல்களிலும் சேர வேண்டியிருந்தும் இரண்டிலும் சரியாகப் பொருந்தாமல் போனவர்கள், முதுமையில் பார்வை இழந்தோர். தெரிந்த ஒருவரின் குரலும் கையுமே இவர்களுக்கு ஆதாரம். அந்த ஒருவரை ஊரடங்கிலும் வந்துபோகவிடுவதே முதல் உதவி என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

பார்வை இழந்த முதியோர் யார்?

2015–19 தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பின்படி, 50 வயதைக் கடந்தோரில் 1.99 விழுக்காட்டினர் பார்வையற்றோர். அவர்களில் 66.2 விழுக்காட்டினருக்குக் கண்புரையே காரணம். பெரும்பாலோர் கண்பார்வையோடு வாழ்ந்து, பிற்காலத்தில் அதை இழந்தவர்கள். பிரெயில், வெண்கோல், திரைவாசிப்பான் ஆகியவற்றில் பயிற்சி பெறும் வாய்ப்பு அவர்களுக்கு அரிது. கண் மங்குவது வயதின் இயல்பு என்று எண்ணி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்காதவர்களும் உண்டு.

ஊரடங்கு அறுத்தவை

பார்வையற்றவர் வழிகாட்டுபவரின் முழங்கையைப் பிடித்து நடப்பார். தொற்றுத் தடுப்பு விதியோ விலகி நிற்கச் சொன்னது. 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் ரூ.1000 நிவாரணமும் பொருள்களும் டோக்கன் முறையில் வழங்கப்பட்டன. டோக்கனைப் படிக்கவும், கடை வாசலில் வரைந்த வட்டத்தில் நிற்கவும் பார்வை வேண்டும்.

மருத்துவத்தில் இழப்பு இன்னும் ஆழமானது. அவசரமற்றவை என்று கண்புரை அறுவைச் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. கண் முகாம்கள் நின்றன. கண்நீர் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தை நாள்தோறும் விட வேண்டும். அது நின்றால் நோய் முற்றி, போகும் பார்வை திரும்பாது. கை நடுங்கும் முதியவருக்கு அதை விட்டுவந்தவர் பக்கத்துத் தெரு மகளாகவோ அண்டை வீட்டுப் பெண்ணாகவோ இருப்பார்.

மத்திய அரசு 2020 மார்ச் 26 அன்று வெளியிட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான வழிகாட்டுதல், பராமரிப்பாளருக்குப் பாஸ் வழங்கச் சொன்னது. நோக்கம் சரியானது. ஆனால் மேற்சொன்ன மகளையும் அண்டை வீட்டாரையும் பராமரிப்பாளர் என்று காட்ட எந்தத் தாளும் இல்லை.

இரு மறுப்புகள்

நேரில் வரும் துணை இல்லாத குறையைக் கைப்பேசிச் செயலிகள் தீர்க்கும் என்பர். தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தைப் பார்வையற்றோர் பயன்படுத்துவதில் உள்ள தடைகளை உச்ச நீதிமன்றமே 2021 மே 31 ஆணையில் சுட்டிக்காட்டியது. செயலியில் பழகியவர்களே தடுமாறிய இடத்தில், பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டி என்ன செய்வார்? அவருக்கு எட்டுவது தொலைபேசி அழைப்புதான்.

வெளியார் வந்தால் தொற்று வரும் என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. ஆயினும் பலர் வந்துபோவதும் ஒருவரே வந்துபோவதும் ஒன்றல்ல. இங்கிலாந்தில் 2020 ஜூன் 13 முதல், தனித்து வாழ்பவரின் வீடு வேறொரு வீட்டோடு ஒரே குடும்பம்போல் சேர்ந்துகொள்ள அனுமதிக்கப்பட்டது. நோய்த்தடுப்பும் துணையும் ஒன்றாக இயலும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

அடுத்த பேரிடருக்கு முன் மூன்று ஏற்பாடுகள் தேவை. முதலாவது, முதியவர் தாமே பெயர் சொல்லும் ஒருவரைச் சான்றிதழ் கேட்காமல் பராமரிப்பாளராகப் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது, கிராம சுகாதாரச் செவிலியரிடம் இத்தகைய முதியோரின் பட்டியல் இருக்க வேண்டும். அறிவிப்புகள் அழைப்பாகவே அவர்களைச் சேர வேண்டும். மூன்றாவது, தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவு, ரத்த அழுத்த மருந்துகளை வீட்டுக்கே கொண்டுசெல்வதுபோல், கண் சொட்டு மருந்தும் வீடு தேடிச் செல்ல வேண்டும்.

பேரிடர்க் காலத்தில் சமமான பாதுகாப்பு மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 8ஆம் பிரிவு கூறுகிறது. அட்டை இல்லாத முதியவரின் வாசல்வரை அந்த உரிமையைக் கொண்டுசேர்ப்பது அரசின் கடமை.