கல்மரமும் மரக்கட்டிலும்

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு மரம் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். அகவை ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. இந்நிலப்பகுதியைக் கடல் மூடியிருந்த ஊழியில் மணலுள் புதைந்து கல்லாகிப்போன அம்மரத்தை நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்தார். கல்லானமையால் அது நிலைத்தது. மரமாகவே இருந்து மக்களுக்குப் பயன்பட்டவையோ ஆயிரம் ஆண்டுகூட எஞ்சவில்லை. கட்டில், இருக்கை, பேழை, ஊஞ்சல் என நம் முன்னோர் இல்லங்களை நிறைத்திருந்த அறைகலன்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு முதல் இடர் இதுவே.

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் இவ்விடரைக் கண்ணாரக் காணலாம். முதலாம் இராசேந்திரனின் அரண்மனை நின்ற அவ்விடத்தை 1980களில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழ்ந்தது. செங்கற் சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் வெளிப்பட்டன. மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் அடித்தளங்களும் சில அகப்பட்டன. தூண்கள் இல்லை. ஆணி கிடைத்தது, அது இறுகப் பற்றியிருந்த மரம் கிடைக்கவில்லை. கங்கையும் கடாரமும் கொண்டவன் அமர்ந்த இருக்கை எத்தகையது என்று அக்குழிகளைப் பார்த்து அறிய வழியில்லை.

ஆயினும் அவ்வரண்மனை இருக்கையொன்றின் பெயர் நமக்குத் தெரியும். வீரராசேந்திரனின் 5ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (1068) இங்கிருந்த அரண்மனையைச் சோழகேரளன் திருமாளிகை என்று சுட்டி, அதனுள் மன்னன் அமர்ந்த இருக்கையை மாவலி வாணாதிராசன் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. பாண்டியர் கல்வெட்டுகளிலும் மழவராயன் என்னும் பெயருடைய பள்ளிப்பீடம் வருகின்றது. அடங்கிய குறுநிலத் தலைவர்தம் பட்டப்பெயரை அமரும் பலகைக்குச் சூட்டினர் போலும். ஒருவன் பெயர்மீது மற்றொருவன் ஏறி அமர்வதில் உள்ள செருக்கை நினைந்து பார்க்கலாம். மரம் மண்ணாயிற்று, பெயர் கல்லில் நின்றது. நம்மைப் போன்ற சொல்வணிகர்க்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு.

கல்வெட்டுக்கு முற்பட்ட காலத்துக்குச் சொல்லே சான்று. தமிழில் அரியணைக்கு வழங்கிய பழம்பெயர்களுள் ஒன்று அரசுகட்டில். அரசுகட்டிலில் துஞ்சிய பாண்டியன் நெடுஞ்செழியனை நாம் அறிவோம். உறங்குவதற்கும் ஆள்வதற்கும் ஒரே சொல் போதுமாயிருந்தது. முரசுக்கும் கட்டில் இருந்தது. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசுகட்டிலில் மலர்மெத்தை கண்டு அயர்ந்து உறங்கிவிட்ட மோசிகீரனாரின் கதை நம் வட்டத்தார் ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் பதிந்த ஒன்று. வெட்டுதற்குரிய குற்றம் அது. வேந்தனோ கவரி வீசி நின்றான். அக்கட்டில் எம்மரத்தாலானது என்று எவரும் கேட்பதில்லை. எவன் படுக்கலாம், எவன் படுக்கலாகாது என்பதே அக்கதையின் உயிர்.

நெடுநல்வாடை இதற்கு மறுதலையான காட்சி. நாற்பது அகவை நிரம்பிய யானையின் மருப்பைக் கொண்டு கைவல்லோன் கடைந்த கட்டிலை நக்கீரர் உறுப்பு உறுப்பாக விரித்துரைக்கிறார். தமிழில் ஓர் அறைகலனுக்கு இத்துணை நுட்பமான வருணனை வேறிடத்தில் அரிது. அக்கட்டிலில் அரசிக்கு உறக்கம் இல்லை. அரசன் பாசறையில் இருக்கிறான்.

இடைக்காலத்திற்குப் பின் கடல்வழி வந்த பொருள்களைச் சொற்களே காட்டிக் கொடுக்கின்றன. மேசையும் அலமாரியும் சாவியும் போர்த்துக்கீசியர் கொடை. பீரோ பிரெஞ்சுச் சொல். ஈழத்தமிழர் கதிரை என்பதும் போர்த்துக்கீசியமே. நாமோ கால்களை எண்ணி நாற்காலி என்று பெயரிட்டுக்கொண்டோம். படுக்கும் கட்டிலும் அமரும் மணையும் ஆடும் ஊஞ்சலும் நெல் நிறைக்கும் பத்தாயமும் நம்முடையவை. எழுதுவதற்கும் பூட்டி வைப்பதற்கும் உரியன வந்தவை. தரையில் அமர்ந்து, தரையில் உண்டு, பாயைச் சுருட்டிவைத்து அறையை மீண்டும் வெற்றிடமாக்கிய வாழ்வுக்குப் பல பொருள் வேண்டியிருக்கவில்லை. வேண்டிய சிலவற்றை மூன்று தலைமுறைக்குச் செய்தனர்.

எதனைக் கொண்டு செய்தனர் என்பதற்குத் தொல்காப்பியரே வழிகாட்டி. மரபியலில் அவர் நிலைத்திணையை இரண்டாகப் பிரிக்கிறார். வன்மை புறத்தே உடையது புல், அகத்தே உடையது மரம். பனையும் தென்னையும் அவர் கணக்கில் புல். இலக்கணம் என்று நாம் படிக்கும் இது, தச்சன் பட்டறையில் அன்றாட நடைமுறை. பனையில் அவன் வெளிப்புறத்து வைரத்தைக் கொண்டு கைமரம் செதுக்கி, உள்ளே உள்ள சோற்றைக் கழித்துவிடுவான். தேக்கிலும் வேம்பிலும் வாகையிலும் வெளிப்புறத்து வெளிற்றை நீக்கி, நடுவிலுள்ள கருத்த வைரத்தை எடுப்பான். வெளிறு கலந்த சட்டம் சில ஆண்டுகளில் உளுத்துப் பொடி உதிர்க்கும். அறுத்த பலகையை நிழலில் அடுக்கி ஈரம் வற்றவிடாமல் செய்த பொருள் பின்னர் முறுக்கிக்கொள்ளும். ஒரு சட்டத்தில் துளையிட்டு மறு சட்டத்தின் முனையைச் செதுக்கிச் செருகும் மூட்டுக்கு ஆணி மிகை. விலை கேட்குமுன் இவை மூன்றையும் கேட்டறிந்தவர்களே பழைய வீட்டுப் பெரியவர்கள். மெருகைப் பற்றிக் கடைசியில்தான் கேட்பர்.

இன்று கடைகளில் பளபளக்கும் பலவும் மரத்தூளையும் சீவலையும் பசையிட்டு அழுத்திய பலகை. மேலே மரவரி அச்சிட்ட தாள். தொல்காப்பியர் கண்டிருப்பின் அகக்காழும் இன்றிப் புறக்காழும் இன்றி நிற்கும் இதனை எவ்வினத்தில் வைப்பது என்று திகைத்திருப்பார். (நம் கூட்டங்களுக்கு வாடகைக்கு வரும் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பற்றி நான் ஏதும் கூறப்போவதில்லை.)

பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர் இருக்கையில் நமக்கு இந்நிலை வந்தது என்பதே என் வருத்தம். வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் ஒரே கட்டையைக் குடைந்து தெய்வ உருக்களை எழுப்பும் அவ்வூர்ச் சிற்பிகளின் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. கோயிலுக்குரியவற்றை அவர்களிடம் கேட்டுச் செய்விக்கிறோம். ஆனால், மரத்தின் வைரத்தைக் கண்ணால் அளக்கத் தெரிந்த அவர்களிடம் நம் வீட்டுக்கு ஒரு கட்டிலோ ஊஞ்சற் பலகையோ வேண்டும் என்று கேட்பார் எத்தனைப் பேர்? தெய்வத்துக்கு வைரம், மனிதனுக்குத் தூள் என்று எப்போது பிரித்தோம்?

கரிசல் நாட்டுக் கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ கதையில் ஒரு குடும்பமே கூடி, முதல் நாற்காலியை எம்மரத்தில் செய்வது என்று வாதிடுகிறது. அவ்வாதத்தை நகைச்சுவை என்று மட்டும் படிப்பது குறைவு. ஒரு நாற்காலிக்காக வீடு முழுதும் மரவியல் பேசிய காலம் அது. பின்னர் அந்நாற்காலி ஊர்ப் பிணங்களை அமர்த்தும் இருக்கையாகி, வீட்டுக் குழந்தைகளே அதனை அணுக அஞ்சும் நிலை வருகிறது. எம்மரம் என்பது தச்சனுக்குரிய வினா. எவர் அமர்வர் என்பது ஊருக்குரியது. நம் பக்கத்துச் சிற்றூர்களில் ஆண்டையின் எதிரே கட்டிலில் அமர்தல் குற்றமாக எண்ணப்பட்ட நாள்கள் நெடுந்தொலைவில் இல்லை. அத்தகைய கட்டில் எத்துணை வைரம் பாய்ந்ததாயினும் அதனை நல்ல அறைகலன் என்று சொல்ல என் நா எழவில்லை. மோசிகீரனார்க்கு வீசிய கவரி அவ்வூர்களுக்கு வந்து சேரவேயில்லை.

என் வீட்டுச் செய்தி ஒன்று. பாட்டனார் காலத்து வேப்பமரக் கயிற்றுக்கட்டிலை, புதுவீடு புகுந்தபோது மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பினேன். விருந்தினர் மெச்ச வேண்டும் என்று மெருகிட்ட கட்டில் ஒன்று வாங்கினேன். இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழையில் அதன் தலைமாட்டுப் பலகை ஈரம் குடித்து ஊறி, மரவரித் தாள் உரிந்து தொங்கியது. செப்பனிட வந்த தச்சர் அதனைத் தொட்டுப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் எழுந்தார். வெளியே போகிற வழியில் கொட்டகையில் நின்று, கன்றுக்குட்டி கட்டியிருந்த பழங்கட்டிலின் காலைக் கொட்டாப்புளியால் இரண்டு முறை தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். “இதுக்குக் கயிறு மட்டும் மாத்துனாப் போதும் ஐயா” என்றார்.