டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை: ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் புரிந்துகொள்வது எப்படி?

டெஸ்டோஸ்டிரோன் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெறும் ஆண்களின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில், சில எண்கள் இயல்பு வரம்பைத் தாண்டியவை எனக் குறிக்கப்பட்டிருப்பது வழக்கம். அவற்றில் சில உண்மையான எச்சரிக்கைகள். சில சிகிச்சையின் எதிர்பார்த்த விளைவுகள். வேறு சில, ரத்தம் எடுத்த நேரம் பொருந்தாததால் வந்தவை. இந்த வேறுபாட்டை அறியாமல் மருந்தின் அளவைத் தாமாகவே கூட்டுவதோ குறைப்பதோ ஆபத்தில் முடியலாம்.

சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனை

ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் அதிகாலையில் உச்சத்தில் இருந்து, மாலைக்குள் குறைகிறது. உணவு உண்ட பின்னரும் அளவு இறங்கக்கூடும். எனவே காலையில், வெறும் வயிற்றில், இரு வேறு நாட்களில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல் போன்ற உடல்நலக் குறைவின்போது எடுக்கப்படும் அளவை நம்ப இயலாது.

அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரு காலைப் பரிசோதனைகளிலும் அளவு ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருப்பதுடன், பாலியல் நாட்டக் குறைவு, சோர்வு போன்ற அறிகுறிகளும் இருந்தால்தான் குறைபாடு உறுதி செய்யப்படும். சில ஆய்வகங்கள் லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்று குறிப்பிடுகின்றன. அந்தக் கணக்கில் 300 என்பது ஏறத்தாழ 10.4 ஆகும். இரு அறிக்கைகளை ஒப்பிடும் முன் அலகு ஒன்றுதானா எனப் பார்ப்பது அவசியம்.

ஊசி போட்ட எத்தனையாவது நாள்?

சிகிச்சை தொடங்கிய பின், கடைசி மருந்துக்கும் ரத்தம் எடுத்ததற்கும் உள்ள இடைவெளியே அறிக்கையின் பொருளைத் தீர்மானிக்கிறது. எனந்தேட், சைபியனேட் வகை ஊசியை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொள்பவருக்கு, ஊசி போட்ட ஓரிரு நாட்களில் அளவு 1,000-ஐத் தாண்டலாம். அடுத்த ஊசிக்கு முதல் நாள் 300-ஐ ஒட்டி இறங்கிவிடலாம். மருந்தும் அளவும் ஒன்றே. ஆனால் முதல் எண்ணைப் பார்த்தால் மருந்து மிகுதி எனவும், இரண்டாவதைப் பார்த்தால் போதவில்லை எனவும் தோன்றும்.

இதைத் தவிர்க்கவே, இவ்வகை ஊசிகளுக்கு இரு ஊசிகளின் நடுநாளில் ரத்தம் எடுக்க அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. அன்று அளவு 350-க்குக் கீழோ 600-க்கு மேலோ இருந்தால், மருந்தின் அளவையோ இடைவெளியையோ மருத்துவர் மாற்றுவார். நீண்ட நாள் செயல்படும் அன்டெக்கனோயேட் ஊசிக்கு, அடுத்த ஊசி போடுவதற்குச் சற்று முன்னர் ரத்தம் எடுக்க வேண்டும்.

தோலில் தடவும் ஜெல்லாக இருந்தால், குறைந்தது ஒரு வாரம் தொடர்ந்து பயன்படுத்திய பிறகு, தடவிய 2 முதல் 8 மணி நேரத்துக்குள் எடுக்கலாம். ஜெல் தடவிய கையிலிருந்தே ரத்தம் எடுத்தால், தோலில் ஒட்டியிருக்கும் மருந்து கலந்து அளவு பொய்யாக உயர்ந்து காட்டும்.

எல்.எச்., எஃப்.எஸ்.எச். குறைவது ஏன்?

விரைகளில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கவும் விந்தணுக்கள் உருவாகவும் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகிய இரு ஹார்மோன்களை அனுப்புகிறது. வெளியிலிருந்து மருந்து வரும்போது, போதுமான அளவு இருப்பதாகக் கருதி மூளை இவற்றின் சுரப்பை அடக்கிவிடுகிறது. ஆகவே சிகிச்சையின்போது இவ்விரண்டும் மிகக் குறைந்து காணப்படுவது புதிய நோயின் அடையாளம் அன்று.

ஆனால் அதன் விளைவு சிறியதன்று. விந்தணு எண்ணிக்கை வெகுவாகக் குறையலாம். முற்றிலும் இல்லாமலும் போகலாம். சிகிச்சையை நிறுத்திய பின் அது மீளப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேலாகும். விரைவில் குழந்தை பெற விரும்பும் ஆண்களுக்கு இச்சிகிச்சை பரிந்துரைக்கப்படாததற்கு இதுவே காரணம்.

மொத்த அளவும் கட்டற்ற அளவும்

ரத்தத்தில் உள்ள டெஸ்டோஸ்டிரோனின் பெரும்பகுதி எஸ்.எச்.பி.ஜி., அல்புமின் ஆகிய புரதங்களுடன் இணைந்திருக்கும். சில சதவீதமே கட்டற்ற நிலையில் உலவும். உடற்பருமன், இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவற்றில் எஸ்.எச்.பி.ஜி. குறைவதால் மொத்த அளவு தாழ்ந்து தெரியலாம். முதுமை, கல்லீரல் நோய், தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவற்றில் இது தலைகீழாகும். அத்தகையோருக்குக் கட்டற்ற அளவையும் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி எஸ்ட்ராடியாலாக மாறுகிறது. இது பெண்களுக்கு மட்டும் உரியதன்று. ஆணின் எலும்பு வலிமைக்கும் தேவையானது. மார்பில் வலியோ வீக்கமோ இல்லாதபோது, இந்த எண் சற்றுக் கூடியிருப்பதை மட்டும் வைத்து அதைக் குறைக்கும் மாத்திரைகளை உட்கொள்வது எலும்புத் தேய்மானத்துக்கு வழிவகுக்கலாம்.

அலட்சியம் கூடாத இரு எண்கள்

ஹார்மோன் பட்டியலில் இடம்பெறாத ஹீமாட்டோகிரிட் என்ற அளவே மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை அது காட்டுகிறது. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுவதால் ரத்தம் அடர்த்தியாகக்கூடும். சிகிச்சைக்கு முன்பும், 3 முதல் 6 மாதங்களிலும், பின்னர் ஆண்டுதோறும் இதைப் பார்க்க வேண்டும். 54 சதவீதத்தைத் தாண்டினால், அது குறையும்வரை சிகிச்சையை நிறுத்திவைத்து, பிறகு குறைந்த அளவில் தொடர்வதே நடைமுறை. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு உள்ளதா என்பதும் ஆராயப்படும்.

மற்றொன்று, புராஸ்டேட் சுரப்பி சார்ந்த பி.எஸ்.ஏ. முதல் ஓராண்டுக்குள் இது மில்லிலிட்டருக்கு 1.4 நானோகிராமுக்கு மேல் உயர்ந்தாலோ, மறுபரிசோதனையிலும் 4-ஐத் தாண்டினாலோ சிறுநீரகவியல் நிபுணரை அணுக வேண்டும்.

இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்தப்பட்டு, 2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் போலி மருந்து பெற்றோரைவிட இச்சிகிச்சை பெற்றோரிடம் கூடுதலாக இல்லை எனத் தெரியவந்தது. எனினும் சீரற்ற இதயத் துடிப்பு, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவை சற்று அதிகமாகக் காணப்பட்டன.

பரிசோதனைக்குச் செல்லும் முன்

முடி, நக வளர்ச்சிக்காக உட்கொள்ளப்படும் பயோட்டின் மாத்திரைகள் சில ஆய்வக முறைகளில் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டியும், எல்.எச்., பி.எஸ்.ஏ. ஆகியவற்றைக் குறைத்தும் காட்டக்கூடும். அவற்றை உட்கொள்வோர் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் பயன்படுத்திய நாள், ரத்தம் எடுத்த நேரம் ஆகிய நான்கையும் அறிக்கையிலேயே குறித்து வைப்பதும், ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் பரிசோதிப்பதும் நல்லது. இந்த விவரங்கள் இருந்தால்தான் எண் சரியா என்பதையும், நோயாளியின் அறிகுறிகள் குறைந்துள்ளனவா என்பதையும் சேர்த்துப் பார்த்து மருத்துவரால் முடிவெடுக்க இயலும்.