குதிரைக்காரர் வீடு: மதராஸ் ஹோட்டல்களும் வாடகை லாயங்களும்

ஜெர்மனியில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் 'போஸ்ட்' என்று பெயர் தாங்கிய பழைய விடுதி ஒன்று கண்ணில் படும். கார்ல்ஸ்ரூஹேக்கு மென்பொருள் வேலைக்கு வந்த புதிதில், தபால் நிலையம் என்று நம்பி, கையில் கடிதத்தோடு அப்படி ஒன்றினுள் நுழைந்துவிட்டேன். பீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு விடுதிக்காரர் விளக்கினார். ரயிலுக்கு முந்திய காலத்தில் தபால் வண்டிகள் குதிரை மாற்றிய இடங்கள் இவை. குதிரை மாறும் நேரத்தில் பயணிகள் சாப்பிட்டார்கள், இருட்டிவிட்டால் தங்கினார்கள். 'அவுஸ்ஷ்பானன்' என்று ஒரு ஜெர்மன் சொல் உண்டு. வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்துவிடுவது என்பது பொருள். இப்போது அலுவலகத்தில் விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் 'ஓய்வெடுக்கப் போகிறேன்' என்பதற்கு இதைத்தான் சொல்கிறார்கள். நம் வண்டிப்பேட்டைகளை நினைத்துக்கொண்டேன். மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுத் திண்ணையில் படுப்பதும் இதேதானே.

இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த அக்கறை ஒன்றும் உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் வீட்டுக்கு ஊரில் 'குதிரைக்காரர் வீடு' என்று பெயர். ஒரு காலத்தில் நாங்கள் குதிரை வைத்து வாழ்ந்தவர்கள் என்று சிறுவயதில் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். பெரியவனான பிறகுதான் அத்தை சொன்னார், கொள்ளுத் தாத்தா மதராஸ் மவுண்ட் ரோட்டில் யாருடைய லாயத்திலோ குதிரை தேய்த்தவர் என்று. சொந்தமாக ஒரு மட்டக்குதிரைகூட இருந்ததில்லையாம். குதிரைக்குக் கொள்ளு வேகவைத்தவருக்குக் கொள்ளுத் தாத்தா என்று பெயர் அமைந்தது தமிழின் குறும்பு.

அந்த மவுண்ட் ரோட்டைப் பற்றிக் கொஞ்சம். 1861இல் கடலுக்குள் நீண்ட பாலம் கட்டப்படும் வரை, மதராஸுக்குக் கப்பலில் வந்தவர்கள் மசூலாப் படகில் அலைகளைத் தாண்டி, பாதி நனைந்துதான் கரை சேர்ந்தார்கள். கரையில் இறங்கியவருக்கு உடனே தேவைப்பட்டவை இரண்டு: படுக்க ஓர் அறை, போக ஒரு வண்டி. நம்மவர்களுக்குச் சத்திரங்களும் உறவினர் வீடுகளும் இருந்தன. வெள்ளைக்காரர்களுக்காக மவுண்ட் ரோட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஹோட்டல்கள் எழுந்தன. அவற்றை நடத்தியவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1854இல் இம்பீரியல் ஹோட்டலைத் தொடங்கியவர் திருவல்லிக்கேணி ரத்தினவேலு முதலியார். அது 1886இல் ஆல்பனி ஆயிற்று. 1890இல், அந்த ஆண்டு வரை கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயரைப் பெற்றது. (கன்னிமார் சாமிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு நெடுநாள் அந்தக் குழப்பம் இருந்தது.)

வாடகை லாயம் என்பது வண்டி வாடகைக்கு விடும் இடம் மட்டுமல்ல. நாள் கணக்கிலும் மாதக் கணக்கிலும் குதிரை தருவார்கள். பிறர் குதிரைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பராமரிப்பார்கள். புதுக் குதிரைகளைப் பழக்கி விற்பார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் வந்தவை 'வேலர்' எனப்பட்ட பெரிய குதிரைகள். பர்மாவின் பெகு மட்டக்குதிரைகளும் வந்தன. சாமானியர்களுக்கு ஜட்கா. வண்டி செய்ய 1840இல் தொடங்கிய சிம்சன் கம்பெனி இருந்தது.

லாயத்துக் குதிரையைக் கவனித்தவர்கள் யார்? யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் இதற்குப் பதில் இருக்கிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். ஒவ்வொரு குதிரைக்கும் குதிரைக்காரரோடு புல்லுக்கென்றே தனியாக ஓர் ஆள் உண்டு என்றும், வடக்கே அந்த வேலையை ஆண்கள் செய்ய, தெற்கே குதிரைக்காரரின் மனைவியே செய்தாள் என்றும் அது குறிக்கிறது. அறுகம்புல்லை வேரோடு செதுக்கி, மண் உதறி, கட்டாகக் கட்டித் தலைச்சுமையாக லாயத்துக்குக் கொண்டுவர வேண்டும். துரைக்கு ஒரு குதிரை என்றால் அதற்குப் பின்னால் ஒரு குடும்பமே இருந்தது. ஹோட்டல் வரலாறுகளில் முதலாளிகள் பெயர் வரிசையாக வருகிறது. இவர்கள் பெயர் வருவதில்லை.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். கொள்ளுப் பாட்டியின் பெயர் என்ன என்று போன மாதம் தொலைபேசியில் அத்தையைக் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "புல்லுக்காரம்மான்னுதாம்ப்பா எல்லாரும் கூப்பிடுவாங்க" என்றார்.

குதிரையின் காலம் முடிந்ததில் கார்ல்ஸ்ரூஹேக்கும் பங்கு உண்டு. 1817இல் மிதிபடி இல்லாத இருசக்கர வண்டியை ஓட்டிக் காட்டிய கார்ல் டிரைஸ் இந்த ஊரில் பிறந்தவர். தற்போது இந்நகரின் பகுதியாக இருக்கும் மியூல்பர்கில் பிறந்த கார்ல் பென்ஸ், மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரியது 1886 ஜனவரியில். மவுண்ட் ரோட்டில் ஆல்பனி ஹோட்டல் பெயர் சூடிய ஆண்டும், அந்த அகராதி வெளிவந்த ஆண்டும் அதுதான். மதராஸில் 1895இல் மின்சார டிராம் ஓடியது. 1910இல் இன்னும் வேடிக்கை. மவுண்ட் ரோட்டு ஹோட்டல்காரர் ஜியாகோமோ டி'ஆஞ்சலிஸ், குதிரை வண்டி செய்து பெயர் பெற்ற சிம்சன் பட்டறையில் உருவான விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். சிம்சன் பிறகு மோட்டார் வண்டிக்கும் பஸ்ஸுக்கும் மாறிக்கொண்டது. கொள்ளுத் தாத்தாவால் மாறிக்கொள்ள முடியவில்லை. லாயத்துக் குதிரைகளை விற்றபோது ஊருக்குத் திரும்பிவிட்டார். கூடவே வந்தது புல் செதுக்கும் இரும்பு ஒன்று. அத்தை சிறுமியாக இருந்தபோது அது தோட்டத்தில் கிடந்ததாம்.

ஜட்கா, லாயம், புல்லுக்கட்டு சம்பந்தமாக இப்படி வீட்டுப் பெயரோ பட்டப்பெயரோ வாசகர்கள் யாரிடமாவது மிச்சமிருந்தால் எழுதுங்கள். அந்த முன்னோர்களின் சொந்தப் பெயர் தெரிந்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.