வதந்தி: குன்றத்தூரும் சென்னைப் புறநகரும்

போர், வெள்ளம், கலவரம் போன்ற நெருக்கடிகளில் உறுதிப்படாத செய்தி பரவி மக்களை அலைக்கழித்த நிகழ்வுகள் சென்னையில் நூறாண்டுக்கு மேலாகப் பதிவாகியுள்ளன. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் செல்லும் பாதையில் குன்றத்தூர் இருப்பதால், மழைக்கால வதந்திகளில் அதன் பெயர் தவறாமல் அடிபடுகிறது.

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது சுமார் 130 குண்டுகளைச் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. கப்பல் திரும்பி வரும் என்ற பேச்சு ஓயாததால் ஆயிரக்கணக்கானோர் ஊரைக் காலிசெய்தனர்.

1942இல் அரசே ஏமாந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 6இல் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்த சில நாட்களில் ஜப்பானியக் கப்பற்படை சென்னையை நெருங்குவதாகக் கிடைத்த தகவலை ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு நம்பியது. அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன. கூண்டு உடைந்தால் தப்பிவிடுமே என்ற அச்சத்தில் விலங்குக்காட்சிசாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. கப்பற்படை வரவே இல்லை.

2015 நவம்பர் மழையில் செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டதாக வதந்தி பரவியது, அதிகாரிகள் மறுத்தார்கள். டிசம்பர் 1 முதல் மறுநாள் காலைவரை தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. ஏரி உடையவில்லை. ஆனால் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்ட நீர் அடையாற்றின் கரையோரங்களை மூழ்கடித்தது. எச்சரிக்கை விடுத்ததாக அரசு சொன்னது. வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகே தெரிந்தது என்றார்கள் கரையோர மக்கள் பலர். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன, நாசா பெருமழையைக் கணித்துவிட்டது என்ற பொய்கள் அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் பறந்தன. நீர் திறப்பு விவரம் மட்டும் அந்த வேகத்தில் வீடுகளை எட்டவில்லை. உயிர்காக்கும் செய்தி உரிய நேரத்தில் வராததை வதந்தியைவிடப் பெரிய தவறாகவே கருத வேண்டும்.

அந்தப் பாடம் ஓரளவு கற்கப்பட்டது. 2020 நவம்பர் 25 அன்று, நிவர் புயலின்போது, ஏரியின் நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும் நண்பகலில் முதற்கட்டமாக விநாடிக்கு 1,000 கன அடி திறக்கப்போவதாக முன்கூட்டியே அறிவித்தார்கள். சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று ஊர் ஊராகப் பெயர் சொல்லும் வெள்ள அபாய எச்சரிக்கை இன்று இப்பகுதியினருக்குப் பழகிய ஒன்று.

மனிதர் மீதான வதந்தி இதைவிடக் கொடியது. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் என்ற சந்தேகத்தில் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு மூதாட்டியும் பழவேற்காட்டில் ஓர் ஆணும் அடித்துக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. வேறு சம்பவங்களின் படங்களை அப்படித் திரித்திருந்தார்கள். காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு மறுப்பு வெளியிட்டார். பீகார் அரசின் குழு நேரில் வந்து தொழிலாளர்களைச் சந்தித்தது.

அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு, தன்னைப் பற்றிய செய்திகளைச் சரிபார்க்கத் தகவல் சரிபார்ப்பகத்தை அமைத்தது. ஏரியிலிருந்து எவ்வளவு நீர் திறக்கப்படுகிறது என்று சொல்வது அரசின் கடமை. தன்னைப் பற்றிய செய்தி பொய்யா என்று அரசே தீர்ப்பளிப்பது வேறு விஷயம். ஒன்றிய அரசு தனக்கென உண்மை சரிபார்ப்புக் குழு அமைக்க வழிசெய்த விதியை 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.