உறுதியில் இல்லாத வரி

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதி ஒன்றைப் படித்தால், அதை எழுதிய நொத்தாரிசு எதையும் விட்டுவைக்கவில்லை என்றே தோன்றும். காணியின் பெயர், பரப்புக் கணக்கு, நான்கு எல்லையிலும் உள்ள அயலவர், உள்ளே நிற்கும் கல்வீடு, வான்பயிர், செய்பயிர், பங்குக் கிணற்றில் உள்ள உரித்து, அதற்குப் போகும் வழி வாய்க்கால் எல்லாம் இருக்கும். அந்தக் கல்வீட்டைக் கட்ட அனுமதி எடுத்தார்களா, எடுத்த அனுமதி காலாவதியாகிப் போனதா என்பதற்கு மட்டும் ஒரு வரியும் இராது.

காணி விற்பனையில் இந்தக் குடாநாடு கண்காணித்தது சுவரை அல்ல, உறவை. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்துச் சரியென்று ஒப்பிய, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் தொகுப்பு அதைத் தெளிவாகச் சொல்கிறது. காணியை விற்க நினைப்பவர் முதலில் உரித்தாளிகளுக்கும் பங்காளிகளுக்கும், ஈடு பிடித்திருக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும். அவர்கள் வேண்டாமென்றால்தான் பிறத்தியாருக்கு விற்கலாம். அந்தத் தொகுப்புக்கு முன்பே, ஒல்லாந்தக் கொமாண்டர் புளோம் காலத்தில் இந்த அறிவிப்பு தேவாலயத்துக்குப் போயிருந்தது. விற்பனைச் செய்தியை அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே வாசிக்க வேண்டும். உரிமை கோருபவர் அதற்குள் முன்வர வேண்டும். ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்ன பிறகு, ஒளிப்பதற்கு அதிகம் மிஞ்சியிராது.

ஆங்கிலேயர் 1806இல் தேசவழமைக்குச் சட்ட வலு கொடுத்தார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாத காணி விற்பனை செல்லாது என்றது. 1947இல், இப்படி முதலில் வாங்கும் முன்கொள்வனவு உரிமைக்கென்றே தனிக் கட்டளைச் சட்டம் வந்து, அந்த உரிமையைக் கூட்டுச் சொந்தக்காரரோடும் உரித்தாளிகளோடும் நிறுத்தியது. பக்கத்துக் காணிக்காரர் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டார். ஆனாலும் விற்பவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும் என்ற முறை மாறவில்லை.

கட்டடச் சட்டம் வந்தது வேறு வழியால். கொள்ளைநோயும் நெரிசலும் நகரங்களை வாட்டிய காலத்தில், 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. வரைபடம் அங்கீகரிக்கப்படாமல் வீடு எழுப்பக் கூடாது. கட்டி முடித்ததும் வரைபடப்படியே கட்டியதாகச் சான்றிதழ் பெறாமல் குடியிருக்கக் கூடாது. இது நகரத்துக்கான சட்டம். 1949இல் மாநகர சபையான யாழ்ப்பாணத்தில் அதற்கு வேலை இருந்தது. தோட்டமும் பனங்கூடலுமான கிராமங்களில் மேசனும் ஆசாரியும் நாள் பார்த்து நிலையம் போட்டால் வீடு எழும்பிவிடும். 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வந்து பிடியை இறுக்கியது. அனுமதிக்கு ஒரு வருடமே ஆயுள். முடியாவிட்டால் நீடிப்புக் கேட்க வேண்டும். மீறிக் கட்டினால் அறிவித்தல் வரும், அதற்கும் அசையாவிட்டால் விவகாரம் நீதவான் நீதிமன்றம் போகும், இடிக்கும் கட்டளை வரைக்கும் நீளலாம்.

ஒரு வருடம்! அந்தச் சட்டம் வந்து ஐந்து ஆண்டுக்குள் தொடங்கிய போர் இருபத்தாறு ஆண்டுகள் ஓடியது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு விட்டுப் போனார்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அத்திவாரத்தோடு நின்ற வீடுகளுக்கு யார் நீடிப்புக் கேட்பார்கள்? மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது 2017இல்தான். பல இடங்களில் திரும்பி வந்தவர்களுக்கு வேலியும் ஒழுங்கையும் இல்லை, கிணற்றை வைத்தே தங்கள் வளவை அடையாளம் கண்டார்கள். பத்து வருட ஆட்சியால் காணி கைமாறும் 1871ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களை விழுங்கிவிடும் என்று பயந்தே, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தால் உரிமை கோர முடியாமற் போனவர்களுக்கு 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. காணி உரித்துக்கு அந்த இரக்கம் கிடைத்தது. பாதியில் நின்ற கட்டட அனுமதிக்கு அதே கவனம் ஏன் கிடைக்கக் கூடாது?

இன்று இத்தகைய வீடுகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்களால், அற்றோணித் தத்துவத்தின் மூலம் விற்கப்படுகின்றன. விற்பவர் வீட்டைப் பார்த்தே பல வருடம். பின்பக்கம் யார் அறை இறக்கினார்கள், மதில் வீதிக்கோட்டைத் தாண்டுகிறதா என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். வாங்குபவர் உறுதியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், காணிப் பதிவகத்தில் தேடுவார், பிரதேச சபைக்கு மட்டும் போகமாட்டார். குற்றம் கட்டடத்தோடு வருகிறது என்பது, மாடி எடுக்கவோ வங்கிக் கடனுக்கோ போகும்போதுதான் அவருக்கு உறைக்கும்.

இதை வெறும் தாள் விவகாரம் என்று தள்ளுபவர்கள் குடாநாட்டின் தரையை மறந்து பேசுகிறார்கள். கீழே இருப்பது சுண்ணாம்புக்கல்; நிலத்தில் விட்டது நேரே நீருக்கு இறங்கும். நிலத்தடி நீரில் நைத்திரேற்று ஏறிக் கிடப்பதை ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். உரத்தோடு மலக்குழிகளும் அதற்குக் காரணம். பத்துப் பரப்பு வளவு சீதனத்தில் இரண்டு இரண்டு பரப்பாகப் பிரிந்த பிறகு, ஒருவரின் மலக்குழிக்கும் அடுத்தவரின் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்பதை ஒரு வரைபடத்தில் பார்த்துச் சொல்ல வேண்டியவர் உள்ளூராட்சி அலுவலர். அனுமதி இல்லாத வீட்டில் அதை யாருமே பார்த்திருக்கமாட்டார்கள்.

மூன்று ஞாயிறு வாசித்த முறை திரும்ப வேண்டியதில்லை. ஆனால் 1947ஆம் ஆண்டுச் சட்டம் உறவுக்காரருக்கு அறிவிக்கும் கடமையை விற்பவர் தலையில் வைத்ததுபோல, வீட்டோடு விற்கும் காணிக்கு அங்கீகரித்த வரைபடத்தையும் குடிபுகும் சான்றிதழையும் காட்டும் கடமையையும் அவர்மீதே வைக்கலாம். சான்றிதழ் இல்லையென்றால் இல்லை என்றே நொத்தாரிசு உறுதியில் எழுதட்டும். பங்குக் கிணற்றின் வழி வாய்க்காலை எழுத இடமிருந்த தாளில் அதற்கும் இடமிருக்கிறது.