ஊசியைப் போட்டது பாஸ்டர் அல்ல



1885 ஜூலை 6. விசர்நாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குப் பாரிஸில் தடுப்பூசி போட்டார்கள். அதை உருவாக்கியவர் லூயி பாஸ்டர். ஆனால் ஊசியைப் போட்டவர் கிரான்ஷே என்ற வைத்தியர். பாஸ்டர் இரசாயனவியலாளர், வைத்தியம் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. பொடியன் பிழைத்தான்.

சீ.டி. ஸ்கேனுக்காக 1979இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்டும் பொறியியலாளர்தான்.

இப்படிப்பட்டவர்களுக்கென்றே இன்று பல நாடுகளில் மருத்துவ விஞ்ஞான முதுமாணி இருக்கிறது. உயிரியல், இரசாயனவியல், பொறியியல் பட்டதாரிகள் படித்து ஆய்வுகூடத்துக்குப் போகலாம்.

உயர்தரத்தில் மெடிசின் தவறிய பிள்ளைகளின் பெற்றோர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். நல்ல படிப்புத்தான். ஆனால் முடித்தாலும் நோயாளி பார்க்கும் அனுமதி கிடைக்காது. 'டொக்டராகலாம்' என்று யாராவது சொன்னால், காசு கட்டமுன் இதைக் கேட்டுப் பாருங்கள்.